ஸ்கேன் அறையில் எனக்கு வந்த சாமி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். பேனாவை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். காரணம் இரண்டு. இதில் அம்மன் வருகிறாள். அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிடுவேனோ என்ற பயம் ஒன்று. இதில் நானும் வருகிறேன். நான் சிரிப்புக்கு ஆளாகாமல் தப்ப வழியே இல்லை என்பது இன்னொன்று. கடைசியில் போன வெள்ளிக்கிழமை கோயிலில் பூ கட்டிப் போட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பூ வந்தது. எழுது என்று உத்தரவு. முதல் காரணம் தீர்ந்தது. இரண்டாவது காரணத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

இரண்டாயிரத்து எட்டு அல்லது ஒன்பதாக இருக்கும். அப்போது நாங்கள் திருவொற்றியூரில் குடியிருந்தோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் நான் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். கூரைக்குக் கீழே தண்டவாளம் போட்டு, அதில் ஓடுகிற கிரேன். சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணியில் ஏறி, குருவிக்கூடு மாதிரி ஒரு கூண்டில் உட்கார வேண்டும். கீழே உருக்கிய இரும்பு கொப்பரையில் தளும்பும். அதைத் தூக்கி, ஒரு சொட்டு சிந்தாமல் அச்சுக்குப் பக்கத்தில் இறக்க வேண்டும். கை நடுங்கினால் கீழே நிற்கிறவன் கதி அவ்வளவுதான். அந்தக் கூண்டில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு ஒரு கர்வம் உண்டு. இறங்கி வந்தால் இருக்காது (வீட்டில் தேவகி விட மாட்டாள்).

தேவகி என் மனைவி. எங்கள் தெருக் கோடியில் மாரியம்மன் கோயில். ஆடி பிறந்தால் தெருவெல்லாம் வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி, அண்டா அண்டாவாகக் கூழ். கன்டெய்னர் லாரிகள் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் நிற்கும். டிரைவர்கள் இறங்கி வந்து கூழ் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்கள். இன்று நினைத்தாலும் அந்தக் கேழ்வரகு வாசமும் டீசல் வாசமும் சேர்ந்துதான் மூக்கில் வருகிறது.

அந்த ஆடித் திருவிழாவில் எனக்கு ஒரு தீராத குறை இருந்தது. எனக்குச் சாமி வராது.

தேவகிக்கு வரும். பம்பை இரண்டு தட்டுத் தட்டினால் போதும், கூந்தல் அவிழ்ந்துவிடும். அவள் தம்பி சேகருக்கு வரும் (அவனுக்கு வந்தது சாமிதானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வந்ததும் என்னைப் பார்த்துத்தான் நாக்கைத் துருத்துவான்). எதிர்வீட்டில் எப்போதும் தள்ளாடிக்கொண்டே இருக்கிற ஒருவருக்குக்கூட வரும். நானோ காப்பு கட்டி, மஞ்சள் வேட்டி கட்டி, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பம்பைக்காரர் பக்கத்திலேயே நிற்பேன். காது அடைக்கும். வேறொன்றும் ஆகாது. ஒரு வருஷம் பம்பைக்காரரே அடிப்பதை நிறுத்திவிட்டு, "இன்னா நைனா, கை வலிக்குது. வருதா இல்லியா?" என்று கேட்டுவிட்டார்.

"இந்த ஆளு நெஞ்சு கருங்கல்லு. அம்மா எங்கேந்து உள்ள பூருவா?" என்று தேவகி ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

அந்தக் கருங்கல் நெஞ்சில்தான் ஓர் ஆடி மாதம் வலி வந்தது.

காப்பு கட்டிய வாரம். கிரேன் ஏணியில் பாதி ஏறியிருப்பேன். நெஞ்சு நடுவில் யாரோ முட்டியை வைத்து அழுத்தியது போல் இருந்தது. அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் விட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். உடனே சேகர் வைத்தியம் ஆரம்பித்தான்.

"மாமா, இது மூச்சுப் பிடிப்பு. தைலம் போட்டு உருவுனா சரியாப் பூடும்."

"அதெல்லாம் இல்ல, வாயு. ஒரு கோலி சோடா குட்ச்சா ஏப்பத்தோட போயிடும்" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

சோடா என்றதும் தேவகியின் முகம் மாறிவிட்டது. என் அப்பா போனது அப்படித்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நெஞ்சு வலிக்குது என்றார், வாயு என்றார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அப்பா போன வயசை நான் அந்த வருஷம்தான் தொட்டிருந்தேன். யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

தேவகி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கெளம்புய்யா ஆஸ்பத்திரிக்கு" என்றாள்.

ஷேர் ஆட்டோவில் போனோம். ஈ.சி.ஜி. எடுத்தார்கள், பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், அதிலும் மாரடைப்பு இல்லை என்றார்கள். மறுநாள் ஓடுகிற பட்டையில் ஏற்றி நடக்கவிட்டார்கள். அதில்தான் சிக்கல். இதய டாக்டர் ஒரு நடுவயதுக்காரர், அவசரப்படாமல் பேசுகிறவர். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது நல்லா இருக்குன்னும் சொல்ல முடியல, கெட்டுப்போச்சுன்னும் சொல்ல முடியல. ரெண்டு வழி இருக்கு. கையிலயோ தொடையிலயோ குழாய் விட்டு இதயம் வரைக்கும் போய்ப் பார்க்கலாம். இல்லேன்னா இப்ப சி.டி. ஸ்கேன்லயே இதய ரத்தக்குழாயைப் பார்க்க முடியுது. ஊசியில மருந்து ஏத்தி வெளியிலேருந்தே படம் எடுப்போம். அதுல சுத்தமா இருந்தா குழாயே விட வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். அடைப்பு தெரிஞ்சா அட்மிஷன்."

"நான் கிரேன் ஏறலாமா சார்?"

"படம் பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் ஏறக்கூடாது."

எனக்கு அப்போது உயிரைவிட அந்தக் கூண்டுதான் பெரிதாகத் தெரிந்தது. இதயக் கோளாறு என்று எழுதிவிட்டால் தொழிற்சாலையில் கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்துவிடுவார்கள். தேவகிக்கு அப்படி இல்லை. "கிரேனாம் கிரேனு! ஆளு இருந்தா போதும்யா எனக்கு" என்றாள். ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத் தாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

ஸ்கேன் அன்று காலையில் எதுவும் சாப்பிடக்கூடாது. டீ, காபி வாசமே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். குளித்து, திருநீறு இட்டுக்கொண்டு போனேன். கிரேஸ் என்று ஒரு பெண், ஸ்கேன் எடுக்கிறவள், என் மகள் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். தாளைப் பார்த்துக் கேட்டாள்.

"அங்கிள், மீன், எறால் சாப்பிட்டா அலர்ஜி உண்டா?"

தேவகி முந்திக்கொண்டாள். "காப்பு கட்டிகீறதால ஒரு வாரமா மீன் துன்னலம்மா. அதாலதான் இந்த நெஞ்சுவலியே வந்துகீதுன்னு நென்ச்சிகினு இருக்கேன்."

நாடி மெதுவாக ஓடினால்தான் படம் தெளிவாக வரும் என்று ஒரு மாத்திரை கொடுத்து உட்கார வைத்தார்கள். பிறகு நெஞ்சு முடியை மழித்தார்கள். வயர் ஒட்டினார்கள். முழங்கை மடிப்பில் ஊசி குத்தி, மருந்து ஏற குழாய் மாட்டினார்கள். நாக்குக்கு அடியில் ஏதோ அடித்தார்கள். கழுத்துச் செயினையும் தாயத்தையும் கழற்றச் சொன்னார்கள். கையில் கட்டிய மஞ்சள் காப்பை மட்டும், "அது இருக்கட்டும், அது குறுக்க வராது" என்று விட்டுவிட்டாள் கிரேஸ்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். பட்டினி. குளித்த உடம்பு. முடி இறக்கியாகிவிட்டது. காப்பு கையில். பயத்தில் வாய் 'தாயே தாயே' என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறது. இத்தனை சுத்தமாக நான் திருவிழாவில்கூட நின்றதில்லை. குறை என்று பார்த்தால் பம்பை ஒன்றுதான்.

மெஷின் பெரிய வெள்ளை வடை மாதிரி நடுவில் ஓட்டையோடு நின்றது. படுக்க வைத்துக் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிவைத்தார்கள் (கும்பிடுகிற மாதிரியே). கிரேஸ் ஒத்திகை பார்த்தாள்.

"அங்கிள், நான் சொன்னதும் மூச்சைப் புடிங்க."

"மூச்சுப் பிடிப்புக்குத்தாம்மா வந்திருக்கேன்."

"இல்ல அங்கிள், உள்ள இழுத்து நிறுத்துங்க." நிறுத்தினேன். "சூப்பர். இப்ப ஊசியில மருந்து போகும். போனதும் வரும் அங்கிள். தலையிலேருந்து கீழ வரைக்கும் அப்படியே இறங்கும். எல்லாருக்கும் வர்றதுதான். பயப்படாதீங்க."

இந்த இடத்தைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். 'வரும்' என்றாள். 'இறங்கும்' என்றாள். என்ன வரும், எது இறங்கும் என்று அவள் சொன்னாளோ இல்லையோ, என் காதில் ஏறவில்லை. எங்கள் தெருவில் ஒருவருக்கு 'வரும்' என்றால் அதற்கு ஒரே அர்த்தம். 'இறங்கும்' என்றாலும் அதே அர்த்தம்தான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. படுக்கை மெதுவாக உள்ளே போனது. கிரேஸ் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். மெஷின் சுழல ஆரம்பித்தது.

முதலில் 'ஊம்ம்ம்' என்று ஒரு சத்தம். பிறகு வேகம் பிடித்தது. உடுக்கையும் பம்பையும் தூரத்தில் சேர்ந்து அடிக்கிற மாதிரி ஒரு அதிர்வு. அப்போதுதான் அது நடந்தது.

முழங்கையிலிருந்து ஒரு சூடு கிளம்பியது. தோளுக்கு ஏறியது. தொண்டையில் குபீரென்று பரவியது. காது, கண், உச்சந்தலை எல்லாம் நெருப்பு. நாக்கில் ஒரு மாதிரி செம்புச் சுவை. நெஞ்சுக்குள் தீச்சட்டியைக் கவிழ்த்தது போல் இறங்கியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியால் இல்லை. இத்தனை வருஷம் தெருவில் நனைந்து நின்றபோதெல்லாம் வராதவள், என் அப்பா செத்த வயதில், நான் தனியாக, பயந்து, சட்டை இல்லாமல் படுத்திருக்கும்போது வந்துவிட்டாளே என்று.

மைக்கில் கிரேஸின் குரல் கேட்டது. "அங்கிள், வந்துடுச்சா?"

"வந்துடுச்சு! தாயே, வந்துடுச்சு!"

"சரி, அசையாதீங்க! மூச்சை உள்ள இழுத்து..."

இழுத்தேன். இழுத்த மூச்சு 'ஆங்ங்ங்' என்று வெளியே வந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. கை தானாகக் கீழே வந்தது. தலை தானாகச் சுழன்றது (தானாகத்தான் என்று அப்போது நினைத்தேன்). வயர் இரண்டு பிய்த்துக்கொண்டது. எங்கேயோ ஒரு மணி அடித்தது. அதையும் கோயில் மணி என்றே எடுத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்துகொண்டு கிரேஸ் ஓடிவந்தாள். "அங்கிள்! அங்கிள்! மூச்சு வாங்குதா? அரிக்குதா?"

அவளுக்குப் பின்னால் வார்டு ஆயா ஒருத்தி வந்தாள். எங்கள் பக்கத்து மனுஷி. நெற்றியில் பெரிய குங்குமம். என்னை ஒரே பார்வை பார்த்தாள். என்ன நடக்கிறது என்பது அவளுக்கு மட்டும் புரிந்துவிட்டது. கையிலிருந்த பெட்ஷீட்டைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டாள்.

"தாயே! யாரு வந்துகீற? சொல்லு!"

"மாரி!" என்றேன்.

"ஐயோ ஆயாம்மா, அவருக்கு அலர்ஜியா இருக்கும், நகருங்க!"

"நீ சும்மா இரும்மா, உங்கோயில்ல இது கெடையாது. தாயே, எம்பொண்ணு மூணு வருசமா குந்திகினு கீது. எப்ப தாயே கல்யாணம் ஆவும்?"

நான் குறி சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்தச் சூடு வயிற்றைத் தாண்டிவிட்டது. இடுப்பைத் தாண்டியது. அதற்கும் கீழே இறங்கி நின்றது. எப்படிச் சொல்வது... நான் படுக்கையை நனைத்துவிட்டேன் என்று தோன்றியது. சத்தியமாக அப்படித்தான் இருந்தது. வெதுவெதுவென்று.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. அம்மன் அங்கெல்லாம் இறங்க மாட்டாள்.

தலை சுற்றுவது நின்றது. கண்ணைத் திறந்தேன். ஒரு பக்கம் கிரேஸ், கையில் அலர்ஜி ஊசியோடு. ஒரு பக்கம் ஆயா, கும்பிட்ட கையோடு. வேட்டியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

"ஏம்மா," என்று மெதுவாகக் கேட்டேன், "நீ வரும்னு சொன்னியே, அது சூடா?"

"ஆமா அங்கிள். மருந்து போறப்ப உடம்பு சூடாகும். யூரின் போன மாதிரி இருக்கும். எல்லாருக்கும் வர்றதுதான்னு சொன்னேனே!"

ஆயா கையை இறக்கினாள். பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டாள். "த்தோடா! நல்ல வேள, எம்பொண்ணு பேரச் சொல்லல" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

வெளியே வந்தேன். எனக்கு முன்னால் செய்தி வந்துவிட்டிருந்தது. துணைக்கு வந்திருந்த சேகர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, கோயில்ல வராத அம்மா உனுக்குன்னு ஏ.சி. ரூமு பார்த்து வந்துகீறாளே!" தேவகி சிரிக்கவில்லை. "படம் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

படம் வரவில்லை. டாக்டர் திரையைக் காட்டினார். என் இதயம் பழைய டி.வி.யில் ஆன்டெனா திரும்பிய மாதிரி கோடுகோடாகக் கலைந்து கிடந்தது. "இதை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அந்த மருந்தை இன்னைக்கே திரும்ப ஏத்தினா கிட்னிக்கு ஆகாது. வியாழக்கிழமை வாங்க. அதுக்குள்ள வலி வந்தா உடனே ஓடி வந்துடணும்" என்றார். பிறகு, பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தீ மிதி வேண்டாம்" என்றார்.

அந்த நடுவிலிருந்த நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன. தெரு முழுக்கச் சிரித்தது. வீட்டுக்குள் யாரும் சிரிக்கவில்லை. ராத்திரியில் தேவகி என் மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நான் தூங்குகிற மாதிரியே இருப்பேன். தீ மிதித்த அன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன். யாருக்கெல்லாமோ வந்தது. தேவகிக்கு வரவில்லை. பம்பை அடிக்க அடிக்க என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வராமல் போனது அந்த ஒரு வருஷம்தான்.

வியாழக்கிழமை ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அவள் வாய்விட்டே வேண்டினாள். "தாயே, இத்தினி வருசமா வா வான்னு கூப்ட்டேன். இன்னிக்கு மட்டும் வந்துடாத. உனுக்குப் புண்ணியமாப் போவும்."

பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது பொருட்டே இல்லை.

சூடு வந்தது. அதே சூடு, அதே வழி, அதே இடம் வரைக்கும். நான் கொப்பரையைத் தூக்கும்போது கூண்டில் எப்படி உட்கார்ந்திருப்பேனோ அப்படிக் கிடந்தேன். மூச்சை இழுத்து நிறுத்து என்றாள், நிறுத்தினேன். விடு என்றாள், விட்டேன். "சூப்பர் அங்கிள், கல்லு மாதிரி இருந்தீங்க!" என்றாள் கிரேஸ். என் வாழ்க்கையில் கல் என்று சொன்னதற்கு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

டாக்டர் எங்கள் இருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். இந்த முறை கோடு இல்லை. செக்கச்செவேலென்று, மேலே கொடி படர்ந்த மாதிரி ரத்தக்குழாய்கள். "மூணு குழாயும் திறந்திருக்கு. இந்த ஒண்ணுல மட்டும் சுவர் ஓரமாக் கொஞ்சம் படிவு. ரத்தம் போறதை அது தடுக்கல. குழாய் விட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் இல்ல. உங்க வலி பெரும்பாலும் வயித்து அமிலம். வெறும் வயித்துல டீ, பச்சை வெங்காயம்னு போட்டா வேற என்ன வரும்? ஆனா இந்தப் படிவு வலிக்காமலே உள்ள உக்காந்திருக்கு. அது தெரிஞ்சது நல்லது. மாத்திரை தர்றேன், விடாம சாப்பிடணும். பீடி அடியோட நிறுத்தணும். பொரிச்ச மீன் வேண்டாம், குழம்பு மீன் சாப்பிடலாம்."

"கிரேன் சார்?"

"திங்கக்கிழமை ஏறுங்க."

தேவகி எழுந்தாள். திரையை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டர் தன்னைக் கும்பிடுகிறாள் என்று நினைத்து, "அதெல்லாம் வேண்டாம்மா" என்றார். அவள் அவரைக் கும்பிடவில்லை. படத்தைத்தான் கும்பிட்டாள்.

ஸ்கேன் கவரில் அந்தச் சிவப்புப் படம் ஒன்றைக் கலரில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் தேவகி அதைக் கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி அலமாரியில் மாட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கும் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "எனக்குத் திரும்பக் கெட்ச்சது அது. நான் கும்புடுவேன். நீ உன் வேலயப் பாரு" என்றாள்.

அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரி முன்னால் நின்று, வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டே வந்து, அந்தப் படத்துக்கு நேராகக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். பிறகு தயங்கி, "இது எந்த ஊரு சாமி?" என்பார்கள். எங்கள் மகள் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாவும் அப்படித்தான் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சேகர் சொன்னான்: "அது எங்க மாமா நெஞ்சு. சக்தி வாய்ந்தது. ஊசி போட்டா வரும்." கல்யாணம் நின்றுவிடுமோ என்று பயந்தேன். சம்பந்தியம்மா சிரித்த சிரிப்பில் அன்றே தட்டு மாற்றிவிட்டோம். மாப்பிள்ளை இன்றுவரை என்னிடம் போனில் முதலில் கேட்பது, "மாமா, சாமி நல்லா இருக்கா?" என்றுதான். மாத்திரை போட்டேனா என்று அதற்கு அர்த்தம்.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிவிட்டுப் பிறகு சொல்லுங்கள். ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். வேப்பிலையோடு ஆடினேன், டாக்டர் காலில் விழுந்தார், ஆயா மகளுக்குத் தேதி குறித்தேன் என்றெல்லாம் எங்கள் தெருவிலேயே கூட்டிச் சொல்கிறார்கள், அதைச் சேர்க்காதீர்கள். எதையும் குறைக்கவும் குறைக்காதீர்கள். அந்தச் சூடு எதுவரைக்கும் இறங்கியது என்பதை மரியாதைக்காக விட்டுவிடலாம் என்று என் மகளே சொன்னாள். கூடாது. அதை விட்டுவிட்டால், அடுத்து அந்த மெஷினில் படுக்கிறவர் அது இறங்கும்போது எழுந்து உட்கார்ந்துவிடுவார்.